தன்னிஷ்டக்காரி

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டதும் தமிழ்ச்செல்வன் வெளியே கிளம்புவார். எங்கே என்று பிரசன்னா கேட்கமாட்டாள். சட்டையை இஸ்திரி போட்டுக் கட்டில்மேல் வைப்பாள். மீன் குழம்பு வைத்த அன்றைக்கு ஒரு சின்ன டப்பாவில் ஊற்றி, எண்ணெய் கசியாமல் இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி, சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவரும் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போவார். சாயங்காலம் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் பேச்சே தொடங்கும்.

"எப்படி இருக்கா?"

"இருக்கா. நல்லாத்தான் இருக்கா."

"மெலிஞ்சிட்டாளா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது பாத்துக்கோ. பாக்க நல்லா இருக்கா."

"முடி வளத்திருக்காளா, வெட்டிட்டாளா?"

தமிழ்ச்செல்வன் கண்ணை மூடி யோசிப்பார். சின்ன வயதிலேயே நாகர்கோவிலிலிருந்து செகந்திராபாத்துக்கு வந்து, அங்கே தார்நாகாவில் உள்ள ஆய்வுக்கூடம் ஒன்றில் முப்பது வருஷம் கருவிகளின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷர். மகள் தலைமுடியின் நீளம் மட்டும் அவர் நினைவில் நின்றதே இல்லை. "தோளுக்கு இருக்கும்னு நினைக்கேன்" என்பார். அன்றைக்கு இரவு முழுக்க அது போதும் பிரசன்னாவுக்கு.

மகள் தாரிணி வெளிநாட்டில் இல்லை. பேகம்பேட்டில் ஒரு மகளிர் விடுதியில் இருந்துகொண்டு, பக்கத்திலேயே ஒரு ஆபீஸில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறாள். தார்நாகாவிலிருந்து ட்ராஃபிக் இல்லாவிட்டால் அரைமணி நேரம். ஆனாலும் ஐந்து வருஷமாக அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. அப்பாவை மட்டும் பார்ப்பாள். பிரசன்னாவின் நம்பரை ஃபோனில் ப்ளாக் செய்து வைத்திருந்தாள்.

நடந்தது இதுதான். தாரிணிக்கு ஒன்றரை வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. பிழைத்துக்கொண்டாள், காது போய்விட்டது. அப்போது பிரசன்னா ஒரு இறையியல் கல்லூரியில் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த மாதமே வேலையை விட்டாள். என் பிள்ளை வாயால் பேசும் என்று முடிவு செய்தாள். டாக்டர்களும் அந்தக் காலத்தில் அதையேதான் சொன்னார்கள். சைகை பழகினால் பேச்சு வராது, கையை அடக்குங்கள் என்றார்கள். கண்ணாடி முன்னால் மடியில் உட்கார வைத்து, உதட்டுக்கு நேரே துண்டுக் காகிதத்தைப் பிடித்து, "ப" என்று ஊதி அது அசைவதைக் காட்டி, தன் தொண்டைமேல் குழந்தையின் விரலை வைத்து அதிர்வைக் காட்டி, வருஷக்கணக்காக உழைத்தாள். குழந்தையின் கை எப்போது மேலே எழும்பினாலும் அதைப் பிடித்து மடியில் அழுத்துவாள். "வாயால சொல்லு." தாரிணி பேசவும் செய்தாள். ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில் மைக் முன்னால் நின்று வசனம் வாசித்தபோது சபையே கண்ணைத் துடைத்துக்கொண்டது.

காலேஜ் முடிக்கும் வயதில் தாரிணிக்குச் சைகை மொழி பேசும் நண்பர்கள் கிடைத்தார்கள். கொஞ்ச நாளிலேயே அவள் வேறு ஆளாக ஆகிவிட்டாள். வீட்டுக்குள் வரும்போதே கை துள்ளிக்கொண்டு வரும். அம்மாவைப் பார்த்ததும் அடங்கிவிடும். படிப்பு முடிந்ததும் காது கேளாத குழந்தைகளுக்கான ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு டீச்சர் வேலை கிடைத்தது. அவளே தேடி, அவளே போய்ப் பேசி வாங்கிய வேலை. சேருவதற்கு முந்தின நாள் பிரசன்னா யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்து அந்தப் பள்ளிக்குப் போனாள். தலைமை ஆசிரியையிடம், "என் மகள் பேசுவா. இங்க வந்தா பேச்சை மறந்துடுவா. தயவுசெய்து எடுக்காதீங்க" என்று கேட்டுக்கொண்டாள். அவர்களும் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள்.

இரண்டு நாளில் தாரிணிக்குத் தெரிந்துவிட்டது. அவள் சண்டை போடவில்லை. பெட்டியில் துணியை அடுக்கினாள். வாசலில் பிரசன்னா வழிமறித்து நின்று, "எங்க போற? நான் சொல்றதைக் கேளு" என்றாள். தாரிணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காது கேட்கிற ஆள் கோபித்துக்கொண்டு போனால் பின்னாலிருந்து கூப்பிடலாம், நாலு வார்த்தையாவது காதில் விழும். முகத்தைத் திருப்பிக்கொண்ட தாரிணியை அப்படிக் கூப்பிட முடியாது. இது தெரிந்தும் பிரசன்னா மூன்று மாடிப் படியும் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே பின்னால் இறங்கினாள். அண்டைவீட்டுக் கதவுகள்தான் திறந்தன.

அதற்கு மறு வருஷம், ஐம்பத்தொரு வயதில், பிரசன்னா செகந்திராபாத்தில் ஒரு சைகை மொழி வகுப்பில் சேர்ந்தாள். மகள் திரும்பி வரும்போது அவளுடைய மொழியில் பேச வேண்டும் என்ற ஒரே ஆசைதான். கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்தாள்.

"அவகிட்ட இதைச் சொல்லப்படாது. நானே காட்டணும்."

"சொன்னா சந்தோஷப்படுவா, பிரசன்னா."

"சொல்லப்படாதுன்னா சொல்லப்படாது."

அவர் சொல்லவில்லை.

அந்த வகுப்பு வழியாகத்தான் வேதத்தைச் சைகை மொழியில் வீடியோவாக மொழிபெயர்க்கும் குழு ஒன்றின் அறிமுகம் கிடைத்தது. கிளாக் டவர் பக்கம், ஒரு துணிக்கடைக்கு மேலே இரண்டு அறை. ஒன்றில் பச்சைத் திரையும் விளக்குகளும், இன்னொன்றில் நீள மேசை. மொழிபெயர்ப்பாளர் பத்மநாபன் பிறவியிலேயே காது கேளாதவர், பல தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கிற குடும்பம், நாற்பது வயது, நடித்துக் காட்டுவதில் மன்னன். கேமராவையும் மற்ற ஏற்பாடுகளையும் சுபாஸ்ரீ என்கிற இளம்பெண் பார்த்துக்கொண்டாள். அவளுக்குக் காது கேட்கும், சைகையும் தெரியும். பிரசன்னாவின் வேலை, மூலத்தில் அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று சொல்வது.

இந்த வருஷம் மழைக்காலத்தில் அவர்கள் பவுல் தீத்துவுக்கு எழுதிய கடிதமான நிருபத்துக்கு வந்தார்கள். சபையை நடத்துகிறவன் எப்படியெல்லாம் இருக்கக் கூடாது என்று அதில் ஒரு வரிசை வருகிறது. முதலில் நிற்கும் சொல் 'அவ்தாதேஸ்'.

பத்மநாபன் தமிழ் வேதாகமத்தையும் பார்த்துவிட்டு வந்திருந்தார். "இங்கே தன் இஷ்டப்படி செய்கிறவன் என்ற மாதிரி போட்டிருக்கிறது. பேதுருவின் நிருபத்தில் இதே சொல்லுக்கு அகங்காரி என்று போட்டிருக்கிறது. எதை எடுக்க?" என்று கையால் கேட்டார். கேட்டுக்கொண்டே அகங்காரியை நடித்தும் காட்டினார். நெஞ்சு நிமிர்ந்தது, மோவாய் உயர்ந்தது, கண் கீழே இருக்கிறவர்களை அளந்தது. சுபாஸ்ரீ சிரித்துவிட்டாள்.

"இல்லை," என்று பிரசன்னா கை அசைத்தாள். "நீங்கள் காட்டுகிறவனுக்கு மற்றவர்கள் தன்னைப் பார்க்க வேண்டும். பவுல் சொல்கிற ஆளுக்கு யாரும் பார்க்க வேண்டாம்."

அவர் காலை ஊன்றி, பல்லைக் கடித்து, இழுத்தாலும் நகராத பிடிவாதக்காரனாக நின்றார்.

"அதுவும் இல்லை. நல்லவர்களும் பிடிவாதம் பிடிப்பார்கள். இந்தச் சொல் இரண்டு சொல் சேர்ந்தது. ஒன்று 'தான்', இன்னொன்று 'இன்பம்'. தனக்குத் தான் பிடித்துப்போனவன். அவன் நினைத்தது அவனுக்கு அவ்வளவு தித்திப்பாக இருக்கும். இன்னொருவர் என்ன நினைக்கிறார் என்று கேட்கவே தோன்றாது."

பத்மநாபன் கேட்டார். "அவன் கெட்டவனா? தான் செய்வது தப்பென்று அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றாள் பிரசன்னா. "நல்லது செய்கிறோம் என்றுதான் நினைப்பான்."

பத்மநாபன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எதிரே யாரோ இருப்பதுபோல் சைகையில் பேசத் தொடங்கினார். சைகையில் பேசுகிறவர்கள் எதிராளியின் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். இவர் தன் கையையே பார்த்துப் பேசினார். அந்தக் கை சொல்வதைப் பார்த்து அவருக்கே ஆனந்தம், முகம் கனிந்து போயிற்று. எதிரே இருப்பவர் ஏதோ சொல்லக் கையை உயர்த்துகிறார் போலிருக்கிறது. பத்மநாபன் அந்தப் பக்கம் திரும்பாமலே அந்தக் கையைப் பிடித்து, மெதுவாக, பிரியமாகக்கூட, மடியில் வைத்து அழுத்தினார். அழுத்தியபடியே மறுகையால் பேசிக்கொண்டு போனார்.

பிரசன்னா அந்தக் கையையே பார்த்தாள். இந்த மனிதருக்கு அவள் வீட்டுக் கதை ஒன்றும் தெரியாது.

"சரியா?" என்று அவர் கேட்டார்.

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இல்லை என்று சொல்லிவிடலாம். கிரேக்கம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஆனால் அதுதான் அந்தச் சொல், துல்லியமாக அதேதான். "சரி," என்றாள் கையால். சுபாஸ்ரீ விளக்குகளைப் போட்டாள்.

படம் எடுத்த பின்னால் ஒரு வழக்கம் உண்டு. அந்தப் பகுதியை அதுவரை பார்த்திராத காது கேளாதவர்கள் சிலரைக் கூப்பிட்டு வீடியோவைக் காட்டுவார்கள். என்ன புரிந்தது என்று அவர்களே சொல்ல வேண்டும். குழுவினர் விளக்கம் கொடுக்கக் கூடாது.

"இந்தச் சனிக்கிழமை நாலு பேர் வராங்க ஆன்ட்டி," என்றாள் சுபாஸ்ரீ. "மூணு பேர் உங்களுக்குத் தெரிஞ்சவங்கதான். ஒரு பொண்ணு புதுசு, வாட்ஸ்அப் குரூப்ல பார்த்துட்டு வரேன்னுச்சு."

"எந்த ஏரியா?"

"கேக்கல ஆன்ட்டி. எதுக்கு?"

"சும்மாதான்."

சனிக்கிழமை காலை பிரசன்னா ஓர் எழுத்துப் பிழையைப் பற்றிப் பத்மநாபனிடம் சைகையில் விவாதம் செய்துகொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். பத்மநாபனின் பார்வை அவள் தோளுக்கு மேலே போனதைப் பார்த்துத் திரும்பினாள்.

கதவுக்கு வெளியே தாரிணி. உள்ளே வராமல் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. அவள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி வாக்கியத்தில் நின்றுபோன அந்த இரண்டு கைகளையும்.

முடி தோளுக்கு இல்லை. கழுத்தோடு கத்தரித்திருந்தாள்.

பிரசன்னா இந்த நேரத்துக்காக எத்தனை வாக்கியம் பழகி வைத்திருந்தாள்! குளியலறைக் கண்ணாடி முன்னால், பஸ்ஸில் பைக்கு அடியில் விரலை மறைத்து, வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு. ஒன்றும் வரவில்லை. சுபாஸ்ரீ கதவைத் திறந்து "வா வா" என்று எல்லோரையும் உட்கார வைத்துவிட்டாள். பிரசன்னா லேப்டாப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். தாரிணி எழுந்து போய்விடுவாள் என்று காத்திருந்தாள். அவள் போகவில்லை. ஜன்னலோர நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

வீடியோ ஓடியது. பத்மநாபன் ஒவ்வொருவரையும் கேட்டார். "இந்த ஆள் எப்படிப்பட்டவன்? உங்களுக்குத் தெரிந்தவர்களில் யாராவது இப்படி உண்டா?"

ஒருவர் தன் மேனேஜர் என்றார். ஒருவர் தன் அண்ணன் என்றார், அண்ணன் நடப்பதுபோல் நடந்தும் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். தாரிணியின் முறை வந்தது.

"எங்க அம்மா," என்றாள்.

பத்மநாபன் தலையாட்டி, மேலே சொல்லு என்றார்.

"கெட்டவங்க இல்லை. இந்த வீடியோவில் இருக்கிற ஆள் மாதிரியேதான், கையைப் பிரியமாகத்தான் அழுத்துவாங்க. வலிக்காது." தாரிணியின் சைகை வேகமாகவும் அழகாகவும் இருந்தது. அவள் கை முழுதாகப் பேசுவதைப் பிரசன்னா பார்ப்பது இதுதான் முதல் தடவை. "நானும் அப்படித்தான். எனக்கும் என் கோபம் தித்திப்பாக இருந்தது. ரொம்ப நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்."

பிறகு புருவத்தைச் சுருக்கினாள். "ஒரு குறை. கை அழுத்தப்பட்டவர் என்ன ஆனார்? படத்தில் அவர் அங்கேயே உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கிறது. நிஜத்தில் எழுந்து போய்விடுவார். அவர் எழுந்து போவதைக் காட்ட வேண்டாமா?"

நல்ல கேள்வி. பத்மநாபன் பிரசன்னாவின் பக்கம் திரும்பினார். "மூலத்தில் அது உண்டா?"

அறையிலிருந்த எல்லோருடைய கண்ணும் அவள்மேல். பிரசன்னா எழுந்து நின்றாள். ஒருமுறை கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பத்மநாபனுக்குச் சொல்ல வேண்டிய பதிலை மகளின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"இல்லை. அந்தச் சொல்லுக்குள்ளே அவன் மட்டும்தான் இருக்கிறான். வேறு யாரும் இல்லை. எதிரே ஒருத்தர் இருந்ததும் எழுந்து போனதும் அவனுக்குத் தெரியாது. பிற்பாடுதான் தெரியும்."

மகளிடம் அவள் சைகையில் சொன்ன முதல் வார்த்தை இதுவாக ஆகிவிட்டது.

தாரிணி தன் விரலால் ஒரு சின்னத் திருத்தம் செய்து காட்டினாள். 'பிற்பாடு' என்பதைப் பிரசன்னா தோளுக்கு முன்னால் சொல்லியிருந்தாள், இன்னும் கொஞ்சம் தள்ளிச் சொல்ல வேண்டும். பிரசன்னா தள்ளிச் சொல்லிப் பார்த்தாள். தாரிணி தலையசைத்தாள்.

கூட்டம் முடிந்து மற்றவர்கள் இறங்கிப் போனார்கள். படிக்கட்டின் நடுவில் தாரிணி நின்றாள்.

"எப்போதிருந்து?" என்று கையால் கேட்டாள்.

"நீ போன மறு வருஷத்திலிருந்து."

"அப்பா சொல்லவே இல்லை."

"நான்தான் சொல்லக் கூடாது என்றேன். நானே உனக்குக் காட்ட வேண்டும் என்று."

தாரிணியின் உதடு ஒரு பக்கமாக வளைந்தது. "அதுவும் உங்கள் இஷ்டம்தான்."

'சொல்லப்படாது' என்ற ஒரு வார்த்தையால் தள்ளிப்போன வருஷங்கள் பிரசன்னாவுக்கு அப்போதுதான் உறைத்தன. கைப்பிடிச் சுவரைத் தடவினாள். "வீட்டுக்கு..." என்று கை எழும்பியது. தாரிணி சட்டென்று, "இப்போ கேக்காதீங்க" என்றாள். பிரசன்னா கையை இறக்கிக்கொண்டாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் அவளே சொன்னாள். "ஏங்க, பாத்தேன். முடியைக் கழுத்தோட வெட்டியிருக்கா. தோளுக்கு இருக்குன்னீங்க."

தமிழ்ச்செல்வன் பேப்பரை மடித்து வைத்தார். எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார். வெகுநேரம் இருவரும் அங்கேயே, செருப்புகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு தாரிணி வீட்டுக்கு வந்தாள் என்று சொல்ல ஆசைதான். வரவில்லை. ஆனால் வீடியோ பார்க்கும் கூட்டத்துக்கு அடிக்கடி வந்தாள். சில சனிக்கிழமை வருவாள், சில சனிக்கிழமை வராமலே இருந்துவிடுவாள், செய்தியும் இருக்காது. வராத நாளில் பிரசன்னா ஃபோனை எடுப்பாள், வைப்பாள். கேட்டு எழுதலாம், இப்போது நம்பர் ப்ளாக்கில் இல்லை. எழுதமாட்டாள். அந்த வாரம் முழுவதும் மாவு அரைத்தாலும் துணி மடித்தாலும் கை ஒரு இடத்தில் நிற்காது.

கார்த்திகை மாதத்து ஒரு சனிக்கிழமை, கூட்டம் முடிந்து இருவரும் கீழே டீக்கடையில் உட்கார்ந்தார்கள். உஸ்மானியா பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே தாரிணி திடீரென்று கேட்டாள்.

"சின்ன வயதில் நான் பேசினேனே. அது நன்றாக இருந்ததா?"

அந்தக் காலத்தில் இதை அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள், வாயால். "ரொம்ப நல்லா இருக்கு, தெளிவா இருக்கு" என்றுதான் பிரசன்னா எப்போதும் சொல்லியிருக்கிறாள். இப்போது கையை மேசைமேல் வைத்து யோசித்தாள்.

"இல்லை," என்றாள். "எனக்கு மட்டும்தான் புரியும். அப்பாவுக்கே பாதிதான் புரியும்."

தாரிணி அவளையே பார்த்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள். "அப்போ சர்ச்சில் எல்லோரும் அழுதது?"

"ஒரு வார்த்தை புரியாமல்தான் அழுதார்கள்."

பிரசன்னாவும் சிரித்துவிட்டாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தாரிணி கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்போ நான் குரலை எடுக்கிறதே இல்லை. எடுக்கவும் பிடிக்கவில்லை. ஆபீஸில் யாருக்கும் என் குரல் தெரியாது," என்றாள்.

சரி என்று பிரசன்னா தலையாட்டினாள். பழைய சத்தம் ஒன்று நினைவில் வந்தது. தாரிணி 'அம்மா' என்பதை மற்றப் பிள்ளைகள் மாதிரிச் சொல்லமாட்டாள். 'ம்' அடித்தொண்டையில் நீளமாக இழுபடும், கடைசி எழுத்து பாதியில் அறுந்து விழும். காலிங் பெல்லுக்குப் பதிலாக வாசலில் நின்று அப்படிக் கூப்பிடுவாள். உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் அர்த்தமாகிற சத்தம். ஒரே ஒரு தடவை கூப்பிடேன் என்று கேட்டால் என்ன? இன்றைக்கு அவள் சிரித்த முகமாக இருக்கிறாள், கேட்டால் கூப்பிட்டாலும் கூப்பிடுவாள்.

பிரசன்னாவின் கை உயர்ந்தது. தாரிணி கவனித்துப் பார்த்தாள்.

"இன்னொரு டீ சொல்லவா?"

"வேண்டாம். ட்ரெயினுக்கு நேரமாகிவிட்டது." தாரிணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். அம்மாவின் தோளை ஒருமுறை தட்டிவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். கூட்டத்தில் அந்தக் கழுத்தோடு வெட்டிய தலை கொஞ்ச தூரம் வரை தெரிந்தது.

தார்நாகாவுக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் பிரசன்னாவுக்கு டிரைவருக்குப் பின்னால் ஓரத்து இடம் கிடைத்தது. வண்டி மேட்டில் ஏறும்போது எஞ்சின் சத்தம் எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. அவள் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, அந்த 'ம்'மை அடித்தொண்டையிலிருந்து இழுத்து, கடைசி எழுத்தைப் பாதியில் விட்டு, மகள் சொல்கிற மாதிரியே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். சரியாக வரவில்லை. இன்னொரு முறை சொன்னாள்.

டிரைவர் பாதி திரும்பினான். "க்யா மேடம்?" என்ன என்று கேட்டான்.

"குச் நை," ஒன்றுமில்லை என்றாள் பிரசன்னா.